பயோடேட்டாவில் நான் வெட்டிய மச்சான்

ஜாப் டைப்பிங், டிடிபி, ஜெராக்ஸ் என்று போர்டு மாட்டிக்கொண்டு ஊரார் பயோடேட்டாவை எல்லாம் அடித்துக் கொடுக்கிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். என் கடையை என்னிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டோடு ஆகி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நிம்மதியாக இருக்க விட்டால்தானே. "அக்கா, நம்ம வாட்ஸ்ஆப் குரூப்புல இருக்கிற டைப்பிங் சென்டர்காரங்களுக்கு எல்லாம் ரெஸ்யூம் எழுதறதப் பத்தி ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்க கமா போடணும், எங்க புள்ளி வைக்கணும்னு" என்று பிடித்துக்கொண்டார்கள். இதற்கு நான் எதற்கு? தப்பாக அடித்தால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டு மானத்தை வாங்குகிறது. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள். கமா, புள்ளி சங்கதியைச் சட்டென்று முடித்துவிட்டு, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அந்தத் தப்புக்கு எந்தக் கம்ப்யூட்டரும் கோடு போடாது.

வரிக்கு வரி 'நான்', 'நான்' என்று தொடங்காதீர்கள். பெயர்தான் உச்சியில் தடித்த எழுத்தில் இருக்கிறதே. செய்த வேலையைச் சொல்லும் சொல்லைக் கொண்டு தொடங்குங்கள். விட்டுவிட்டு வந்த வேலைக்கு இறந்த காலம், இப்போது பார்க்கிற வேலைக்கு நிகழ்காலம். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால், ஆள் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று படிக்கிறவருக்குக் குழப்பம் வரும். வரி முடிவில் புள்ளி வைப்பதென்றால் கடைசி வரி வரை வையுங்கள், இல்லையென்றால் ஒன்றுக்கும் வைக்காதீர்கள். தேதியை ஓரிடத்தில் எண்ணாகவும் அடுத்த இடத்தில் எழுத்தாகவும் போடாதீர்கள்.

ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் யார்டில் கிளார்க் வேலைக்குப் போகிற பையன் ஒருவன் தன் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டு வந்தான். எதற்கு என்று கேட்டேன். "ஒரு கெத்துக்கா" என்றான். "ஏலே, ஒம்பேரப் பாத்து நீயே ஆச்சரியப்பட்டா அடுத்தவன் என்னல செய்வான்?" என்று சொல்லி எடுத்துவிட்டேன். லாரி ஆபீஸ் மேனேஜர் ஒருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே அடிக்கச் சொன்னார். சின்ன எழுத்தில் அடித்தால் மதிக்க மாட்டார்களாம். "பெரிய எழுத்துல அடிச்சா கத்திப் பேசுத மாதிரி இருக்கும் அண்ணாச்சி" என்றேன். "நான் கத்தித்தானே பேசுவேன்" என்றார். அவர் பிரச்சினை வேறு, விட்டுவிட்டேன்.

சரி, இலக்கணம் முடிந்தது. இனி சூசை விஷயம்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. அப்பா கருப்பட்டி வியாபாரி. கல்யாணமாகி தூத்துக்குடிக்கு வந்து, டைப்ரைட்டிங் படித்து, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கடை போட்டேன். ஷிப்பிங் ஆபீஸ் கிளார்க், கிரேன் ஆபரேட்டர், உப்பளத்து சூப்பர்வைசர், கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறவர் என்று என் கையால் பயோடேட்டா வாங்காத ஆள் அந்த ரோட்டில் குறைவு. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டுவேன். வாடிக்கையாளர் எழுதிக் கொண்டுவருவதில் சிவப்புப் பேனாவை ஓடவிட்டால்தான் எனக்கு வேலை பார்த்த திருப்தி வரும்.

எல்லாப் பயோடேட்டாவிலும் என் விரல் தானாகப் போய் அடிக்கிற ஒரு வரியும் இருந்தது. 'யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடியவர்.' ஆங்கிலத்தில் படித்தால் கம்பீரமாக இருக்கும். கிளார்க்குக்கும் அதே வரி, டிரைவருக்கும் அதே வரி. ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சூசை கடைக்கு வந்தார். நாற்பதை நெருங்குகிற வயது. வாசலை அடைக்கிற தோள், அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய குரல். சங்கு குளிக்கிறவர், அதாவது படகில் போய்க் கடலுக்குள் இறங்கித் தரையில் கிடக்கிற சங்கை எடுத்து வருகிறவர். முன்காலத்தில் முத்துக் குளித்த கடலில் இப்போது சங்குதான். படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வருகிற காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கீழே போவார்கள். இவர் போய்க்கொண்டிருந்த படகை அதன் முதலாளி விற்றுவிட்டார்.

"வேற படகுல போகலாமே?" என்றேன்.

"வீட்டுல விடமாட்டேங்காக்கா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்றைக்கு எனக்கு அவசரம். கப்பலின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய்ச் சுத்தம் செய்து, பழுது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது, மறுநாள் காலையில் நேர்முகம், எடுத்த பிறகு அவர்களே பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் எடுத்துத் தருவார்கள் என்ற விவரம் மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த வேலை கிடைக்காவிட்டால் சூசைக்குத் தண்ணீருக்குள் போகிற வேலையே இல்லை. பதினேழு வயதிலிருந்து அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். இது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சிரத்தை எடுத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

அவர் மனைவி ரீத்தா நோட்டுத் தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அழகான கையெழுத்து, பேசுகிற மாதிரியே தமிழ். 'நாங்க பத்தொம்பது வருஷமா சங்கு குளிக்கோம். அவுக எறங்குவாக, எங்கண்ணன் மிக்கேல் மேல நின்னு கயிறும் குழாயும் பிடிப்பாக. விசைப்படகு புரொப்பல்லர்ல சுத்துன வலையை அறுத்து எடுத்திருக்கோம். அவுக கீழ, அண்ணன் மேல.' இப்படியே இரண்டு பக்கமும். ஒவ்வொரு வேலைக்கும் கீழே ஒரு மிக்கேல், ஒரு மேல.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"மச்சான் பேரு எதுக்கு? இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

"இல்லக்கா, மச்சான்தான் மேல நின்னு..."

"மேல நிக்கவரு நிக்கட்டும். கீழ போறது நீங்கதானே?"

"ஆமாக்கா."

"அப்ப நீங்க செஞ்சத மட்டும் சொல்லுவோம். ஒங்க வேலைக்குத்தான மனு போடுதோம், குடும்பத்துக்கே போடலையே?"

சூசை வாயைத் திறந்தார், மூடினார். "ஒங்களுக்குத் தெரியாததாக்கா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மிக்கேலை எட்டு இடத்தில் வெட்டினேன். 'நாங்க' எல்லாம் போயிற்று. இரண்டு பக்கம் ஒரு பக்கம் ஆயிற்று. வினைச்சொற்கள் எல்லாம் சரியான காலத்தில் வரிசையாக நின்றன. புள்ளி பிசகவில்லை. கடைசியில் என் கம்பீர வரி. அதற்குக் கீழே 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற வழக்கமான உறுதிமொழி. சூசைக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். இங்கே போடுங்கள் என்று விரலால் காட்டினேன். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு கவனமாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடைக்குள் வந்தார்கள். ரீத்தாவை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். ஒல்லியான தேகம், பெரிய கண். சூசை அசடு வழியச் சிரித்துக்கொண்டு நின்றார். சிரிப்பைப் பார்த்து நான் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து, "ஸ்வீட் எங்க?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

"போகச் சொல்லிட்டாருக்கா" என்றார்.

நேர்முகம் எடுத்தவர் அந்தக் கம்பெனியின் டைவிங் சூப்பர்வைசர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சூசையின் தாளை மேலிருந்து படித்தபோது முகம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கடைசிக்கு வந்ததும் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாராம்.

"என்ன கேட்டாரு?"

"வெளங்கலக்கா. அந்தத் தாளைத் தொட்டுக் காமிச்சுக் கேட்டாரு. யெஸ் சார்னேன். திரும்பவும் கேட்டாரு. ரெண்டு தடவை கேக்காருன்னா நல்லதத்தான் கேக்காருன்னு இன்னும் கொஞ்சம் சத்தமா யெஸ் சார்னேன். தாளை மடிச்சு ஓரமா வச்சுட்டாரு."

"அக்கா," என்றார் ரீத்தா, "நீங்க அடிச்சதக் கொஞ்சம் தமிழ்ல வாசிங்க. நான் எழுதுனதுதான அது?"

எனக்குக் கோபம் வந்தது. என் எழுத்தைச் சரிபார்க்க வருகிறாளே என்று. கம்ப்யூட்டரில் திறந்து, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். புரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுத்து அகற்றினார். மூழ்கிய நங்கூரத்தைத் தேடி எடுத்தார். ரீத்தா ஒவ்வொரு வரிக்கும் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு, அடுத்து ஏதோ வரப்போகிறது என்பதுபோல என் வாயையே பார்த்தார். அது வரவில்லை. கடைசி வரிக்கு வந்தேன். யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடியவர்.

"தனியாவா?" என்றார் ரீத்தா. "எங்கண்ணன் என்ன செத்தா போயிட்டாக?"

அந்தக் கேள்வியில் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ரீத்தா அழவில்லை, கத்தவும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார். அவர்கள் ஊர்ப்பக்கம் யாரும் தனியாகக் கடலுக்குள் இறங்குவது கிடையாது. இறங்குகிறவனின் கயிறு மேலே ஒருவர் கையில் இருக்கும். அந்தக் கை பெரும்பாலும் மனைவியின் அண்ணனோ தம்பியோ ஆகத்தான் இருக்கும். தன் தங்கச்சி விதவையாவதை எவனும் விரும்ப மாட்டான், அதனால் மச்சான் கையில் கயிறு இருந்தால் கண் அசராது என்று ஒரு கணக்கு.

"எனக்கு மாப்பிள பாத்தப்போ, பையன் என்ன சம்பாதிக்கான்னு எங்கப்பா கேக்கலக்கா. கயிறு நீ பிடிப்பியாலேன்னு எங்கண்ணனத்தான் கேட்டாக. அண்ணன் சரின்னாக. அப்புறந்தான் எனக்குப் பூ வச்சாக. மத்த படகுல அவங்க ஆளுதான் கயிறு பிடிக்கும், தெரியாத கையை நம்பிப் போவக்கூடாதுன்னு நான் இவுகள நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க என்னன்னா, கயிறே இல்லாம எறக்கி விட்டுட்டிய."

எங்கள் ஊரில் பனை ஏறுகிறவர் தனியாகத்தான் ஏறுவார். கீழே ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் மரத்துக்கும் அவருக்கும்தான் பேச்சு. உடம்பால் செய்கிற வேலை என்றாலே என் மனதில் அந்தப் பனையேறிதான். சூசையையும் அப்படி ஒரு மரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன். கடற்படைக்காரர் ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று இப்போது புரிந்தது. தண்ணீருக்கு அடியில் யார் பேச்சையும் கேட்காமல் தனியாகத் திரிவேன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டு, கேட்டதற்குச் சத்தமாக யெஸ் சார் என்றால், அவனை எந்தப் புத்தியுள்ளவர் இறக்குவார்?

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் நமக்கு ஒரு வசதி உண்டு. எதையும் கம்ப்யூட்டர் தலையில் போடலாம். டைப்பிங் மிஸ்டேக் என்று ஒரு வார்த்தை போதும். சூசையும் அதையேதான் சொன்னார். "அடிச்சதுல தப்பு வந்துட்டுன்னு நானே போய்ச் சொல்லிக்கிடுதேன், நீங்க வேற தாளு குடுங்கக்கா." நேர்முகம் இரண்டு மணி வரைக்கும் உண்டு. எனக்கும் அது சௌகரியம்தான். கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். கையெழுத்து அவருடையது. தப்பு என்று அவரே போய்ச் சொன்னால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் என்றாகும். படித்துத்தான் போட்டேன் என்றால் பொய்யர் என்றாகும். எந்தப் பக்கம் போனாலும் அவர் தலைதான் உருளும். நான் கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று. உண்மையாகவே வெட்கம், காது சூடாகிற அளவுக்கு.

நோட்டுத் தாளைத் திரும்ப வாங்கி, ரீத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெட்டிய எட்டு இடத்திலும் மிக்கேலை ஏற்றினேன். ஒவ்வொரு வேலைக்கும் நேரே 'மேலே கயிறு: மிக்கேல்'. ஒருவர் பயோடேட்டாவில் இன்னொருவர் பெயர் எட்டுத் தடவை. நான் கற்றுக்கொண்ட எந்த முறைக்கும் அது ஒத்துவராது. கம்பீர வரியைத் தூக்கினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, சூசை தலையாட்டிய பிறகுதான் பிரின்ட் கொடுத்தேன். ரீத்தா போனில் அண்ணனைக் கூப்பிட்டு, "எதுக்குன்னு கேக்காத, அந்தக் கம்பெனி வாசலுக்கு வா" என்றார். காத்திருந்த நான்கு பேரையும் கடைப் பெண்களிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். வெளியே போனவர்களைத் திரும்ப விடக்கூடாதாம். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "அக்கா, நீங்களா! எனக்கு இந்த வேலைக்கு நீங்கதானக்கா அடிச்சுத் தந்திய?" அவருக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாட்ச்மேனையாவது தனியாக வேலை செய்யக்கூடியவர் என்றது பொருத்தம்தான் என்று தேற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

சூப்பர்வைசர் வெள்ளை மீசை வைத்த உயரமான மனிதர். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க யாரு?"

"அந்தத் தாளை எழுதினவ சார். கடைசி வரி இவரு சொன்னது இல்ல. நானாச் சேத்தது. எல்லாருக்கும் அதை அடிப்பேன், இவருக்கும் அடிச்சேன். இவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாத் தெரியாது. நான் கையக் காட்டுன இடத்துல போட்டாரு. தப்பு என்னோடது."

நினைத்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காலையில இருந்து ஏழு பேர் வந்திருக்காங்க. நாலு பேர் பேப்பர்ல அந்த வரி இருக்கும்மா."

"நாலும் என் கடை இல்ல சார்" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

மீசைக்கு அடியில் லேசாக ஒரு அசைவு. கையை நீட்டிப் புதுத் தாளை வாங்கினார். மெதுவாகப் படித்தார். பிறகு சூசையிடம் தமிழிலேயே பேசினார்.

"மேல இருந்து கயிறை இழுத்து, நீங்க வரமாட்டேன்னு இருந்தது உண்டா?"

இல்லை என்று சொல்லிவிடய்யா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். சூசை ரீத்தாவைத் திரும்பிப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"ஒருக்க உண்டு சார்."

"சொல்லுங்க."

"நல்ல சங்குக் கூட்டம் சார், கை கொள்ளாம. மச்சான் வா வான்னு இழுக்காக. இன்னும் ரெண்டு எடுத்துக்கிடுவோம்னு நான் கயிறைப் பிடிச்சுக் கீழ இழுத்தேன். அவுக விடல. மீனத் தூக்குத மாதிரித் தூக்கிட்டாக. மேல வந்ததும் ஆத்திரத்துல மச்சானை ஒரு அறை விட்டுட்டேன்."

"அடிச்சியளா?" என்றார் ரீத்தா. "எங்கண்ணனையா?"

"பொறுளா, சொல்லி முடிச்சுக்கிடுதேன். திரும்பிப் பாத்தா கம்ப்ரசர்ல இருந்து கரும்புகையா வருது சார். அந்தக் காத்துதான் எனக்குக் கீழ வந்துக்கிட்டு இருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் கெடந்திருந்தா கீழயே கண்ண மூடியிருப்பேன். அன்னையில இருந்து ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், எது கெடந்தாலும் போட்டுட்டு வந்துருவேன்."

ரீத்தாவின் பெரிய கண் இன்னும் பெரிதாகியிருந்தது. "மாதாவே, இது எப்ப நடந்துச்சு? எங்கிட்ட ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே" என்றார்.

"சொன்னா நீ விடுவியா?" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல். வாட்ச்மேனுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குள்ளம், முன் வழுக்கை, கையில் பைக் சாவி. எட்டுத் தடவை நான் வெட்டிய மிக்கேலை அப்போதுதான் நேரில் பார்க்கிறேன்.

சூப்பர்வைசர் அவரை உள்ளே கூப்பிட்டார். "கம்ப்ரசர் கெட்டது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் மாறுச்சு சார். மாப்பிளைக்குக் கீழ கேக்காதுல்லா. நாந்தான கேக்கணும்."

"ஒங்க பயோடேட்டா எங்க?"

"எனக்கா? நான் வேலைக்கு வரல சார். தங்கச்சி வரச் சொன்னா, வந்தேன்."

சூப்பர்வைசர் சிரித்தேவிட்டார். கீழே போக எத்தனையோ பேர் வருகிறார்கள், மேலே நின்று பிடிக்கிறதற்கு ஒருத்தர்கூட மனுப் போடவில்லை, அதற்கும் ஆள் வேண்டும் என்றுதான் விளம்பரம் செய்திருந்தோம் என்றார். சூசையின் தாளைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இதை நான் எடுத்துக்கிறேன். அவரோடதும் ரெண்டு மணிக்குள்ள என் மேசைக்கு வரணும். ரெண்டும் சேந்து வந்தாத்தான் மேல அனுப்புவேன்."

மணி ஒன்றரை. அவருடைய கிளார்க் தன் கம்ப்யூட்டரை எனக்கு விட்டுக் கொடுத்தார். பெயர், ஊர், வயது, படிப்பு எல்லாம் ஓடிப் போயிற்று. அனுபவம் என்ற இடத்துக்கு வந்து நின்றேன்.

"படகுல நீங்க என்ன வேலை பாப்பிய?"

"சும்மா நிப்பேங்க்கா."

"சும்மான்னு எழுத முடியாது அண்ணாச்சி."

"கயிறப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். கம்ப்ரசரக் கேப்பேன். மேகத்தப் பாப்பேன். வேறென்ன? வேலையெல்லாம் மாப்பிளதான் செய்யும்."

அதை வைத்து மூன்று வரி தேற்றினேன். கயிறும் குழாயும் கையாண்டார், கம்ப்ரசரைக் கண்காணித்தார், வானிலை பார்த்துப் படகைத் திருப்பும் முடிவுகளை எடுத்தார். எல்லாம் உண்மை. சாதனை என்று ஒரு இடம் உண்டே, அதுதான் காலியாகக் கிடந்தது. பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் செய்தது என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மிக்கேல் பைக் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணி ஒன்று நாற்பத்தைந்து. என் பழைய வரிகள் ஒவ்வொன்றாக விரல் நுனிக்கு வந்தன. ஒன்றையும் அடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

"என்னக் கேளுங்க" என்றார் ரீத்தா. "பத்தொம்பது வருஷமா எங்க வீட்டுக்காரவுக கடலுக்குப் போன அம்புட்டு நாளும் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்காக. அத எழுதுங்கக்கா."

அதை எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆங்கிலத்தில் அடித்து, மூவருக்கும் தமிழில் வாசித்துக் காட்ட நேரமில்லாமல் பிரின்ட் எடுத்து ஓடினேன். சூப்பர்வைசர் நின்றுகொண்டே படித்தார். கடைசி வரியில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். இரண்டு தாளையும் சேர்த்து ஒரே பின்னால் குத்தினார். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் மெடிக்கலுக்கு வாங்க" என்றார். இரண்டு பேரும் தேறினார்கள். பயிற்சியும் முடித்தார்கள். இன்றைக்கும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பியதும் அந்தக் கம்பீர வரியை எல்லா மாதிரித் தாளிலிருந்தும் அழித்தேன். நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள், எங்கேயாவது உட்கார்ந்திருக்கும். போடுவதென்றால், அந்த வேலைக்கு அது பொருந்துமா என்று கேட்டுப் போடுங்கள். ஒருவர் எழுதிக் கொண்டுவருவதில் ஒரே விஷயம் எட்டு இடத்தில் வந்தால், அது அவருக்கு எழுதத் தெரியாததால் என்று நினைக்காதீர்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏன் என்று கேளுங்கள். அதற்கு ஒரு நிமிஷம் போதும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் போய் ஒரு மனிதர் வேலையை இழக்கப் பார்த்தார்.

அன்றைக்குக் கம்பெனி வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது, மிக்கேல் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தார். கிளார்க்கிடம் தன் தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி வைத்திருந்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றார். ரோட்டோரத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்த சத்தத்துக்கு மேலே, கயிறு, குழாய், கம்ப்ரசர், மேகம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தங்கச்சி சொன்ன வரியையும் சொன்னேன். அவர் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்புட்டும் நானாக்கா செஞ்சேன்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சூசை முந்திக்கொண்டார். "பின்ன யாரு மச்சான்?"